சுவருக்குள் ஒரு காந்தாரம்

யாழ்ப்பாணத்து மின்சாரம் ஸட்ஜம் பாடுகிறது என்று வைத்துக்கொண்டால், ரொறன்ரோவின் மின்சாரம் பாடுவது சாதாரண காந்தாரம். கணக்குப் போட்டே பார்க்கலாம். இலங்கையிலும் இந்தியாவிலும் வீட்டுச் சுவருக்குள் ஓடும் மின்னோட்டம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக அலைகிறது. கனடாவில் 60 தடவை. அறுபதுக்கு ஐம்பது என்றால் ஆறுக்கு ஐந்து. ஸட்ஜத்தின் அதிர்வெண்ணை ஆறால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் சாதாரண காந்தாரம் வந்துவிடும். (அதிர்வெண் என்றால் ஊரில் படித்தவர்களுக்கு உடனே பிடிபடாது, அவர்களுக்கு அது மீடிறன்.)

மின்சாரம் பாடுமா என்று கேட்பவர்கள், ஒரு மின்கிற்றாரை ஆம்பில் செருகி, ஒலியளவை ஏற்றி, தந்திகளைத் தொடாமல் ஒரு நிமிடம் சும்மா இருந்து பார்க்கட்டும். ‘ம்ம்ம்’ என்று அடித்தொண்டையில் ஒரு முனகல் எழும். மேற்கத்திய சுர வரிசைப்படி பார்த்தால் ஊர் முனகல் ‘ஜி’ சுரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. ரொறன்ரோ முனகலின் நிலைமை இன்னும் மோசம். ‘பி’க்கும் ‘பி ஃபிளாட்’டுக்கும் சரிநடுவே, எந்தக் கட்டைக்கும் சொந்தமில்லாத இடத்தில் அது குந்தியிருக்கிறது. எந்தப் பாட்டோடும் ஒட்டாது.

ஸ்காபரோவில் நான் குடியிருக்கும் நிலவறைக்கு ஒரு தை மாதத்தில் பழைய மின்கிற்றார் ஒன்று வந்து சேர்ந்தது. யாரோ ஒருவர் கைவிட்டது. ஒற்றைச் சுருள் பிக்கப் மூன்று வைத்த, ஃபெண்டர் ஸ்ட்ரேட்டோகாஸ்டரைப் பார்த்துச் செய்த மலிவுச் சாமான். வாசிப்பதற்கு முன்பே அது சத்தம் போட்டது. வாசித்தபோது வேறு சத்தங்களும் போட்டது. எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஓர் அண்ணை இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். இங்கே தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, பொழுதுபோகாமல் தெரிந்தவர்களின் ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் பிரித்துப் போடுவார். கிற்றாரைத் தூக்கிக்கொண்டு போனேன். அதைக் கையில் வாங்காமலே கேட்டார்:

“சத்தம் எப்பிடித் தம்பி? இரையுதோ, கரகரக்குதோ, பொரியுதோ?”

“எல்லாமும்தான் அண்ணை.”

“எல்லாமும் ஒரேநேரத்திலை வராது. ஒவ்வொண்டாய்ச் சொல்லும்.”

அப்போது எரிச்சலாக இருந்தது. பிறகுதான் விளங்கியது, நோயில் பாதியை அந்தக் கேள்வியே கண்டுபிடித்துவிடுகிறது என்று. இரைவது ஓர் இடத்திலிருந்து வருகிறது, கரகரப்பது இன்னோர் இடத்திலிருந்து. பொரிவதற்கும் மின்கம்பிக்கும் தொடர்பே இல்லை. நம் மொழியில் சத்தத்துக்கு இத்தனை சொற்கள் இருப்பது கவிதைக்கு உதவுவதைவிட ஆம்ப் திருத்துவதற்கு அதிகம் உதவும் என்பது என் கட்சி.

இரைச்சலை முதலில் எடுத்துக்கொள்வோம். பிக்கப் என்பது ஆறு காந்தத் துண்டுகளும் அவற்றைச் சுற்றிய செப்புக் கம்பியும். கம்பி தலைமுடிப் பருமன்தான், 0.063 மில்லிமீட்டர். ஒரு பிக்கப்பில் ஏறத்தாழ 8,000 சுற்று. மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும். காந்தப்புலம் அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். ஃபாரடே 1831இல் கண்டது அதுதான், மின்நிலையத்துக்கும் கிற்றாருக்கும் ஒரே விதி. இடைஞ்சலும் அதே விதியிலிருந்து வருகிறது. அசைவது தந்தியா, பக்கத்து மேசையில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரா என்று சுருளுக்குத் தெரியாது. அசைகிற எந்தக் காந்தப்புலத்தையும் அது பாட்டாகவே எடுத்துக்கொள்ளும். தந்தி தருவது ஒரு வோல்ட்டில் பத்திலொரு பங்கு, சில வேளை இரு பங்கு. ஆம்ப் அதைப் பல நூறு மடங்கு பெருக்கும்போது சுவரின் முனகலையும் சேர்த்தே பெருக்குகிறது.

அண்ணை செய்த முதல் சோதனைக்கு ஒரு கருவியும் தேவைப்படவில்லை. கிற்றாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றச் சொன்னார். கோயிலில் ஆத்மப் பிரதட்சணம் செய்வது மாதிரி. ஒரு திசையில் நின்றபோது இரைச்சல் முக்கால்வாசி இறங்கியது. கால்வட்டம் திரும்பியதும் மறுபடி ஏறியது. திசைக்கு ஏற்ப ஏறி இறங்கினால் அது காந்தப்புலம் வழியாக நேரே சுருளுக்குள் வருகிறது என்று அர்த்தம். சுருளின் முகம் புலத்துக்கு நேராக இருந்தால் அதிகம் வாங்கும், பக்கவாட்டில் இருந்தால் குறைவாக வாங்கும்.

இரண்டாவது சோதனை, தந்தியைத் தொடுவது. என் கிற்றாரில் தந்தியில் கை வைத்ததும் மெல்லிய ‘ஸ்ஸ்’ கலந்த ஒரு கரகரப்பு சட்டென்று அடங்கியது. அடியிலிருந்த ‘ம்ம்’ மட்டும் அப்படியே நின்றது. தொட்டால் குறைகிறதே, ஏதோ கோளாறு என்று நான் பயந்திருந்தேன். அண்ணை சிரித்தார். கோளாறு கிற்றாரில் இல்லை, என் உடம்பில். மனித உடம்பு உப்புத்தண்ணீர் நிரம்பிய பை. சுவருக்குள் ஓடும் கம்பிகளின் மின்புலத்தை நல்ல ஏரியல் போல வாங்கும். வாங்கியதை வயிற்றோடு ஒட்டி நிற்கும் கிற்றாருக்கு அனுப்பும். தந்திகள் குதிரை வழியாக எர்த்துடன் இணைந்திருக்கின்றன (இங்கே கிரவுண்ட் என்பார்கள்). தந்தியைத் தொட்டதும் உடம்பும் எர்த் ஆகிவிடுகிறது. ஏரியலாக இருந்தது இப்போது கிற்றாரை மறைக்கும் திரையாக மாறிவிடுகிறது. ஆக, தொட்டால் குறைவது சரியான கிற்றார். தொட்டும் மாற்றமே இல்லை, அல்லது கூடுகிறது என்றால்தான் கவலை. குதிரைக்கு அடியில் போகும் எர்த் கம்பியின் ஈயப்பற்று எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

இங்கேதான் பலர் காசைக் கரியாக்குகிறார்கள். இரைச்சல் என்று கேள்விப்பட்டதும் செப்புத்தாள் வாங்கிக் கிற்றாரின் வயிற்றுக்குள் முழுக்க ஒட்டுவார்கள். நல்ல வேலைதான், நானும் ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து ஒட்டினேன். உடம்பு வழியாக வரும் மின்புலக் கரகரப்பு அதற்குப் பிறகு செத்தே போனது. ‘ம்ம்’ மட்டும் அசையவில்லை. மின்புலத்தை நிறுத்த எர்த் செய்த மெல்லிய தாள் போதும். 60 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தை ஓரளவுக்கு மட்டுப்படுத்தவே எட்டரை மில்லிமீட்டர் தடிப்பான செப்புச் சுவர் வேண்டும். கடையில் விற்கும் தாள் அதில் நூறில் ஒரு பங்குகூட இராது. கொசுவலை போட்டு வெக்கையை நிறுத்தப் பார்த்த கதை.

காந்தப்புல இரைச்சலைத் தடுக்க முடியாதென்றால் ஏமாற்றலாம். கிப்ஸன் நிறுவனத்தில் செத் லவர் என்ற பொறியியலாளர் 1955இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த யோசனை அது. 1957இல் கிற்றார்களில் வந்தது, 1959இல் காப்புரிமை கிடைத்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுருள். இரண்டாவதை எதிர்த்திசையில் இணைத்தால் அதில் வரும் எல்லாமே தலைகீழாகும், தந்தியின் ஒலியும் சுவரின் முனகலும் சேர்த்து. அந்த இரண்டாவது சுருளின் காந்தத்தையும் வடக்கு தெற்காக மாற்றிப் போட்டால், தந்தியின் ஒலி மட்டும் இன்னொரு முறை தலைகீழாகும், அதாவது நேராகிவிடும். முனகல் வெளியிலிருந்து வருவதால் காந்தத்தைப் பற்றி அதற்குக் கவலையில்லை. ஒரே முறை தலைகீழாகி அப்படியே நிற்கும். இரண்டு சுருளையும் கூட்டினால் பாட்டு இரட்டிப்பாகும், முனகல் ஒன்றையொன்று தின்றுவிடும். ஹம்பக்கர் என்பது இதுதான். என் கிற்றாரில் அது இல்லை. ஆனால் இப்போது வரும் ஸ்ட்ரேட்டோகாஸ்டர் வகைகள் பலவற்றில் நடு பிக்கப்பை எதிராகச் சுற்றி வைக்கிறார்கள். ஐந்து நிலைச் சுவிட்சில் இரண்டாவதும் நான்காவதும் நிலைகளில் இரைச்சல் மறைந்துபோகும். என்னுடையதிலும் மறைந்தது. இரண்டு நிமிடச் சோதனை, செலவு இல்லை.

இந்த முனகலோடு ரொறன்ரோவுக்கு இருக்கும் கணக்கு கிற்றாருக்கும் முந்தியது.

1920களின் தொடக்கத்தில் ரேடியோப் பெட்டிகள் பற்றரியில் ஓடின. கார் பற்றரி போன்ற அமிலம் நிரம்பிய ஒன்று, அதோடு உயர் மின்னழுத்தம் தரும் உலர் பற்றரிகள். அமிலம் கசிந்து கூடத்துக் கம்பளம் ஓட்டையாகும். சுவர் மின்சாரத்தில் நேரே செருக வேண்டியதுதானே என்றால், அங்கேதான் முனகல் குறுக்கே நின்றது. அன்றைய வால்வில் சூடாகும் இழையே எலெக்ட்ரான்களையும் உமிழும். அந்த இழைக்கு அலையும் மின்சாரம் கொடுத்தால் அலைக்கு அலை அது தணிந்து கனலும், பாட்டு முழுவதும் உறுமல் ஏறும். எட்வர்ட் ரோஜர்ஸ் என்ற ரொறன்ரோ இளைஞர் 1924இல் பிட்ஸ்பர்க்கில் ஃபிரெட்ரிக் மக்கல்லோ என்பவர் செய்து பார்த்திருந்த வால்வின் உரிமையை வாங்கி வந்து அதைத் திருத்தினார். சூடேற்றும் இழை வேறு, எலெக்ட்ரான் உமிழும் உறை வேறு என்று பிரித்து, இடையில் காப்புப்பொருள் வைத்த வால்வு அது. இழை தணிந்தாலும் உறை சட்டென்று குளிராது. அலை உள்ளே வராது. சுடுசோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் சூடு நிற்பது போலத்தான். 1925 ஆகஸ்டில் ரொறன்ரோவின் தேசியப் பொருட்காட்சியில், பற்றரி இல்லாமல் சுவரில் செருகி ஓடும் அவருடைய ரேடியோ மேடையேறியது. 1927இல் அவர் தொடங்கிய வானொலி நிலையத்தின் பெயர் சிஎஃப்ஆர்பி. கடைசி இரண்டு எழுத்துகளும் ‘ரோஜர்ஸ் பற்றரிலெஸ்’ என்பதன் சுருக்கம். அந்த நிலையம் இன்றும் 1010 கிலோஹெர்ட்ஸில் பேசிக்கொண்டிருக்கிறது. அவர் 1939இல், நாற்பதைத் தொடுமுன்பே இறந்துபோனார். இன்று நம்மில் பாதிப்பேர் மாதாமாதம் கைபேசிக் கட்டணம் கட்டும் ரோஜர்ஸ் நிறுவனம் அவருடைய மகன் கட்டியெழுப்பியது.

அவர் அடக்கிய முனகல் இன்றைய 60 ஹெர்ட்ஸ் அல்ல என்பது எனக்குப் பிடித்த பகுதி. அந்நாளைய ரொறன்ரோ ஓடியது 25 ஹெர்ட்ஸில். நயாகராவில் 1895இல் பெரிய நீர்மின்நிலையம் கட்டியவர்கள் 25ஐத் தேர்ந்தார்கள். ஆடம் பெக்கின் முயற்சியில் எழுந்த ஒன்ராறியோ அரசு மின்னாணையம் 1911இல் ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்ததும் அதே 25தான். விளக்குகள் கண்ணுக்குத் தெரியும்படி நடுங்கின. சுற்றிலுமிருந்த வட அமெரிக்கா 60க்குப் போய்விட்ட பின்னும் தென் ஒன்ராறியோ தனித்து நின்றது. 1949இல் தொடங்கிப் பத்து வருடம், 1959 வரை, வேலையாட்கள் வீடு வீடாகப் போய் மணிக்கூடு, குளிர்சாதனப்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றின் மோட்டாரையும் மாற்றினார்கள்.

இதைப் படித்தபோது நான் மறுபடி கணக்குப் போட்டேன். ஆம்பின் உள்ளே இருக்கும் ரெக்டிஃபையர், அலையின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் ஒரே பக்கம் மடிக்கிறது. ஆகவே அதிலிருந்து கசியும் முனகல் சுவரின் அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்கு. இன்றைய ரொறன்ரோவில் அது 120. 1940களின் ரொறன்ரோவில் 50. அதாவது யாழ்ப்பாணத்துச் சுவரின் அதே ஸட்ஜம். இரண்டு ஊர்களும் ஒரே சுருதியில் முனகிய காலம் ஒன்று இருந்திருக்கிறது. தமிழர்கள் இங்கே வந்து சேர்வதற்குள் ரொறன்ரோ காந்தாரத்துக்கு ஏறிவிட்டது.

அண்ணையிடம் இதைச் சொன்னேன். அவருக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை. அவர் நினைவு வேறெங்கோ போனது. 1990க்குப் பிறகு குடாநாட்டில் வருடக்கணக்கில் மின்சாரமே இல்லாதபோது, சைக்கிளைக் கவிழ்த்துவைத்து தைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்டவர்கள் அவர்கள்.

“அதிலையும் இரைச்சல் வரும் தம்பி. கெப்பாசிற்றர் சின்னனெண்டால் மிதிக்க மிதிக்க சுருதி ஏறும். செய்தி முக்கியமெண்டால் பெடியன் வேகமாய் மிதிப்பான், இரைச்சலும் சேர்ந்து கூவும்.”

தைனமோ தருவதும் அலையும் மின்சாரம்தான். மடித்த அலையின் மேடுபள்ளங்களை நிரவுவது கெப்பாசிற்றரின் வேலை. பழைய வால்வ் ஆம்புகளில் அது வயதாகிக் காய்ந்துபோகும். நிரவாத மேடுபள்ளம் 120 ஹெர்ட்ஸில் ஸ்பீக்கருக்குப் போகும். கண்டுபிடிப்பது எளிது: கிற்றார்க் கேபிளை ஆம்பிலிருந்து முழுதாக உருவிவிட வேண்டும். அப்போதும் இரைந்தால் கிற்றார் நிரபராதி. ஆனால் அதற்குமேல் ஆம்பைத் திறக்க எனக்கு உரிமையில்லை, உங்களுக்கும் இல்லை. வால்வ் ஆம்பின் கெப்பாசிற்றர், பிளக்கைக் கழற்றிய பிறகும் நானூறு வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கக்கூடியது. பழகியவர்களிடம் கொடுத்துவிடுவதே சரி. இந்த நகரத்தில் அதற்கு ஒரு மரபும் உண்டு. லோங் அண்ட் மக்குவேட் இசைக்கருவிக் கடையில் திருத்துநராக இருந்த பீற் ட்ரெய்னர் 1963இல் தானே ஆம்ப் செய்யத் தொடங்கியதுதான் யோர்க்வில் சவுண்ட் நிறுவனத்தின் பிறப்பு. அவர் பெயரைத் தாங்கிய ஆம்புகள் இன்னும் பழைய சாமான் கடைகளில் கனத்துக் கிடக்கின்றன.

இரைச்சலைப் போக்க இன்னொரு குறுக்குவழி புழக்கத்தில் இருக்கிறது. அதைச் செய்ய வேண்டாம். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை ஒடித்துவிட்டால் சில நேரம் இரைச்சல் போய்விடும். இரண்டு கருவிகள் இரு வேறு வழியாக எர்த் ஆகும்போது, அந்த வட்டத்தில் ஓடும் மின்னோட்டம் இரைச்சலாகக் கேட்கும். முள்ளை ஒடித்தால் வட்டம் அறும். கூடவே உங்கள் உயிர்க்காப்பும் அறும். தந்தி, குதிரை, உங்கள் விரல் எல்லாம் ஆம்பின் உடம்போடு இணைந்தவை என்பதை மறக்கக் கூடாது. ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிற்றார்க் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே மாதம் ஸ்வான்ஸீ மேடையில், எர்த் சரியில்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். ரொறன்ரோவின் நூறு வயது வீடுகளில் இன்னும் எர்த் கம்பியே ஓடாத சுவர்கள் இருக்கின்றன. மூன்று சிறு விளக்குகள் வைத்த சோதனைப் பிளக் ஹார்ட்வேர் கடையில் சில டொலருக்குக் கிடைக்கும். வாடகை வீட்டில் ஆம்பைச் செருகுமுன் அதைச் செருகிப் பார்ப்பது நல்லது.

பொரியும் சத்தத்துக்கு வருகிறேன். இது குளிர்காலத்துச் சத்தம். பிக்கப்பைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டில் விரலோ சுவெற்றர் கையோ உரசும்போதெல்லாம் ‘சட்… பட்…’ என்று தாளிக்கிற கடுகு மாதிரி ஆம்ப் பொரியும். வெயில் காலத்தில் இதே கிற்றார் வாய் திறக்கவில்லை.

வெளியே கழித்தல் பதினைந்து பாகை இருக்கும்போது அந்தக் குளிர்காற்றில் நீராவி மிகச் சொற்பம். அதை ஃபேர்னஸ் இழுத்து 21 பாகைக்குச் சூடாக்கி அறைக்குள் தள்ளுகிறது. வெளியில் அது முழு ஈரப்பதத்தோடு இருந்திருந்தாலும், உள்ளே வந்து சூடானதும் ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். சமையலும் குளியலும் நம் மூச்சும்தான் அதைக் கொஞ்சம் உயர்த்துகின்றன. ஈரக்காற்று மின்சாரத்தைக் கடத்துவதால்தான் ஊரில் இந்தத் தொல்லை இல்லை என்று பலர் சொல்வார்கள். அது முழுச் சரியில்லை. ஈரம் மிகுந்த ஊரில் எல்லாப் பொருளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று படிந்திருக்கும். உரசலில் சேரும் மின்னேற்றம் அந்தப் படலத்தின் வழியாக வடிந்துவிடும். சென்னையில் மார்கழியிலும் அந்தப் படலம் இருக்கும். ஸ்காபரோவின் தையில் இராது. ஏற்றம் பிளாஸ்டிக்கிலேயே தங்கி, ஆயிரக்கணக்கான வோல்ட் வரை ஏறி, துண்டு துண்டாகப் பாயும். கதவுக் கைப்பிடியில் நாம் வாங்கும் ஊசிக்குத்து ஏறக்குறைய 3,000 வோல்ட். பத்திலொரு வோல்ட்டுக்குக் காது கொடுத்துக் காத்திருக்கும் பிக்கப்புக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று நடந்தால் அது சும்மா இருக்குமா?

மருந்து இந்த ஊரின் ஒவ்வொரு வீட்டிலும் துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேலேயே கிடக்கிறது. துணிகளோடு போடும் அந்த வாசனைத் தாளால் பிளாஸ்டிக் தகட்டை இரண்டு தரம் துடைத்தால் போதும். அதில் பூசியிருக்கும் வழுவழுப்பான பொருள் ஈரத்தை ஈர்த்து, ஊரில் இயல்பாக இருக்கும் படலத்தை இங்கே செயற்கையாகப் பரப்பிவிடுகிறது. ஓரிரு வாரம் தாங்கும். நிரந்தரத் தீர்வுக்குத் தகட்டைக் கழற்றி, அதன் முதுகில் செப்புத்தாள் ஒட்டி எர்த்துடன் சேர்க்க வேண்டும். சனிக்கிழமை நான் வீணாக்கியதாக நினைத்த செப்புத்தாளின் மிச்சம் இங்கே உதவியது.

எல்லாப் பொரியலும் குளிரின் வேலை என்று எண்ணிவிடக் கூடாது. ஒலித் திருகைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் உள்ளே கரிப்பாதையில் தூசி. தொடர்பு துப்புரவாக்கும் ஸ்ப்ரே ஒரு துளி விட்டுப் பத்துப் பதினைந்து முறை திருப்பினால் சரியாகும். கேபிளை அசைத்தால் வெட்டி வெட்டி வந்தால் ஜாக்கின் நட் தளர்ந்திருக்கும், அல்லது கேபிளின் முனையில் ஈயப்பற்று விட்டிருக்கும். சில மலிவு கேபிள்களைத் தரையில் தட்டினாலே ‘டொக்’ என்று கேட்கும். உள்ளே காப்புறையும் பின்னலும் உரசி மின்னேற்றம் உண்டாக்குகின்றன. அதற்கு வேறு கேபிள் வாங்குவதைத் தவிர வழியில்லை.

கடைசியாக, மின்சாரத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று. கழுத்துப் பக்கம் வாசிக்கும்போது ‘கணகண’ என்று தந்தி எதிலோ படுகிற சத்தம். அண்ணைக்கு இதில் கை வரவில்லை. வீணை பழகிய என் அத்தைக்கு வந்தது. தொலைபேசியில் கேட்டுவிட்டு, “மெட்டிலை இடிக்குது” என்றார் உடனே. வீணையின் மெட்டும் கிற்றாரின் மெட்டும் செய்யும் வேலை ஒன்றுதானே. காரணம் மறுபடியும் வறண்ட காற்று. மரம் ஈரத்தை இழந்தால் குறுக்குவாட்டில் சுருங்கும். விரல்பலகை சுருங்கியதால் உலோக மெட்டுகளின் நுனிகள் பக்கவாட்டில் துருத்தி, கையை நீவினால் அரம்போல் கீறின. கழுத்தும் தன் மெல்லிய வளைவை இழந்து நிமிர்ந்துவிட்டது. அதிரும் தந்திக்கு இடம் போதவில்லை. முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் தந்தியை ஒரேசமயம் அழுத்தி, நடுவே ஏழாம் எட்டாம் மெட்டுக்கு மேலே இடைவெளியைப் பார்க்க வேண்டும். ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டு நுழைகிற இடம் இருந்தால் போதும். என்னுடையதில் காகிதம்கூட நுழையவில்லை. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கோலைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டு மறுநாள் பார்த்தேன்; மரத்துக்கு அவசரம் தெரியாது. மூன்றாம் நாள் சரியாயிற்று.

சிலர் இதற்காக அறை முழுவதையும் ஈரமாக்கப் பார்ப்பார்கள். கிற்றாருக்கு 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் பிடிக்கும், உண்மை. ஆனால் கடுங்குளிர் நாளில் நிலவறையை அந்த அளவுக்கு ஏற்றினால் ஜன்னல் கண்ணாடி அழத் தொடங்கும், சட்டத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கிற்றாரைப் பெட்டிக்குள் போட்டு ஈரப்பொதி ஒன்றை உள்ளே வைப்பதோடு நான் நிறுத்திக்கொண்டேன். இன்னொன்று: கணகணப்பு ஆம்ப் வழியாகக் கேட்கிறதா, அறைக்குள் மட்டும் கேட்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆம்பில் கேட்காவிட்டால் அதை விட்டுவிடலாம். பிக்கப்பைத் தந்திக்கு மிக நெருக்கமாக ஏற்றி வைத்தாலும் காந்தம் தந்தியைப் பிடித்து இழுத்து ஒரு வக்கிர நாதம் தரும். அதைச் சிலர் மெட்டுக் கோளாறு என்று தப்பாக எண்ணி மெட்டை ராவித் தள்ளுவார்கள். திருகாணியை இரண்டு சுற்று இறக்கினால் போயிற்று.

எல்லாம் முடிந்தும் ஒன்று மிஞ்சியது. பகலில் கிற்றார் சாது. இரவு ஏழேகால், ஏழரைக்கு ‘ஸ்ர்ர்ர்’ என்று ஒரு கூர்மையான கரகரப்பு எழும், அரை மணி நேரம், சில நாள் முக்கால் மணி நேரம் நிற்கும், தானாகப் போய்விடும். முனகல் போல் உருண்டையாக இல்லை, ஈ கண்ணாடியில் மோதுவது போல் இருந்தது. அண்ணை இரண்டு நாள் யோசித்துவிட்டுத் தொலைபேசியில் கேட்டார்.

“மேல்வீட்டிலை விளக்கு மங்கலாக்கிற சுவிச் இருக்கோ?”

இருந்தது. சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கும் விளக்கு. மங்கல் சுவிச் ஒளியைக் குறைப்பது அலையை மெதுவாகச் சுருக்கி அல்ல. ஒவ்வோர் அரை அலையிலும் ஒரு துண்டைக் கத்தியால் வெட்டி எறிந்து. நொடிக்கு 120 வெட்டு. வெட்டிய ஓரம் கூராக இருப்பதால் அதிலிருந்து உயர்ந்த அதிர்வெண்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பி, வீட்டு வயரிங் முழுவதையும் ஏரியலாக்கிவிடுகின்றன. விளக்கைப் பாதியளவில் வைத்தால்தான் வெட்டு அலையின் உச்சியில் விழும். கரகரப்பும் அப்போதுதான் உச்சம். முழு வெளிச்சத்தில் வெட்டு ஏறக்குறைய இல்லை. அணைத்துவிட்டால் அதுவும் இல்லை.

மேல்வீட்டு அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்லவர். “வெளிச்சம் கூடினால் பிள்ளை சாப்பிட அடம்பிடிக்கும்” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கிற்றார் ஏழரைக்கு ‘ஸ்ர்ர்’ என்றால் இப்போது ஒலித்திருகை இறக்கிவிட்டு, நானும் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொள்கிறேன்.